சொல் கெடாமல் தாளம் மாற்றுவது எப்படி: ராப் – எலெக்ட்ரானிக் மேஷ்அப் முழு வழிகாட்டி

ஒரு ராப் குரலைப் பிரித்தெடுத்து எலெக்ட்ரானிக் தாளத்தின் மேல் வைப்பது, அதாவது மேஷ்அப் செய்வது, இன்று வீட்டு லேப்டாப்பிலேயே பத்து நிமிட வேலை. அப்படி வைத்ததில் பெரும்பாலானவை இரண்டாம் முறை கேட்கத் தோன்றாமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான். வேகம் பொருந்தியிருக்கும், சுருதியும் பொருந்தியிருக்கும், ஆனால் சொல் பொருந்தியிருக்காது. ராப் என்பது பேச்சின் தாளம். அந்தப் பேச்சு எங்கே மூச்சு வாங்குகிறது, எந்த எழுத்தில் ஊன்றுகிறது என்று கவனிக்காமல் கலந்தால் ஒரே அறையில் இரண்டு ரேடியோ ஓடுவது போலத்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி புதுச்சேரி, கடலூர் பக்கம் லேப்டாப்பும் ஒரு ஜோடி ஹெட்போனும் வைத்துக்கொண்டு இந்தக் கலவையை ரசிக்கவும் செய்து பார்க்கவும் விரும்புபவர்களுக்கானது. ரசிப்பதும் செய்வதும் இதில் ஒன்றையொன்று வளர்க்கும். ஒருமுறை கையால் பொருத்திப் பார்த்தவருக்கு, அடுத்தவர் பொருத்தியதில் எங்கே திறமை இருக்கிறது என்பது தானாகக் காதில் விழும்.

## முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கையில் இருக்கும். ஐந்து பாட்டை மும்மூன்று முறை கேட்க அது போதும். முதல் முறை கால் தட்டும் கிக்கை, அதாவது பெரிய டிரம்மின் அடியை, மட்டும் பிடியுங்கள், மற்றதெல்லாம் ஓடட்டும். இரண்டாம் முறை சொல்லை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை குரல் நிற்கும் இடங்களை மட்டும் கவனியுங்கள். நல்ல கலவை எது என்பது அந்த மூன்றாம் முறையில்தான் தெரியும், குரல் நிற்கும்போது தாளம் பேசும், குரல் வரும்போது தாளம் ஒதுங்கும். பஸ் இரைச்சலை வெல்ல வேண்டும் என்று சத்தத்தை ஏற்றாதீர்கள். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் இருந்தால் குறைந்த சத்தமே போதும்.

எதைக் கேட்பது? ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸும் 1982-ல் வெளியிட்ட ‘பிளானட் ராக்’கில் தொடங்குங்கள். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977-ல் செய்த ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ மெட்டைச் சிந்தசைசரில் மறுபடி வாசித்து, ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின் தாளத்தில் ஏற்றி, அதன் மேல் ராப் சொன்னார்கள். ஹிப்-ஹாப்பும் எலெக்ட்ரானிக்கும் தனித்தனி வீடு என்று நினைப்பவருக்கு இந்த ஒரு பாட்டு போதும். இரண்டும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. (பிரான்ஸில் ஜூன் 21 இசைத் திருநாள் தொடங்கியதும் அதே 1982-ல்தான். புதுச்சேரியிலும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். இந்த வகைக் கலவைகளை வெளியில் போட்டுக் காட்ட அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.)

அடுத்து ஜங்கிள் பிரதர்ஸ் 1988-ல் செய்த ‘ஐல் ஹவுஸ் யூ’. டாட் டெர்ரியின் ஹவுஸ் (ஒரே சீராகத் துடிக்கும் நடன இசை) டிராக் மேல் ராப் சொன்ன பாட்டு. வேகமான தாளத்தின் மேல் வரிகளைக் குட்டையாக வெட்டி வைத்திருப்பதைக் கவனியுங்கள். பிறகு டாஃப்ட் பங்க் 2001-ல் செய்த ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ பாட்டையும் அதை எடுத்துக் கான்யே வெஸ்ட் 2007-ல் செய்த ‘ஸ்ட்ராங்கர்’ பாட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மூலத்தின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 123 அடி, கான்யே பாட்டின் வேகம் சுமார் 104. ஏறக்குறைய இருபது அடி குறைந்ததும் ஆடும் தாளம் நடக்கும் தாளமாகிவிட்டது. அந்த நடைக்குள்தான் ராப் வரிக்கு இடம் கிடைத்தது. மேஷ்அப் என்பதை ஒரு முழு ஆல்பத்தின் அளவில் காட்டியது டேஞ்சர் மவுஸ் 2004-ல் செய்த ‘தி கிரே ஆல்பம்’: ஜே-ஸியின் ‘பிளாக் ஆல்பம்’ குரலும் பீட்டில்ஸின் ‘ஒயிட் ஆல்பம்’ ஒலித்துண்டுகளும் சேர்ந்தது. அது எலெக்ட்ரானிக் நடன இசை அல்ல. ஆனாலும் வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் இன்றும் அதுதான் பாடப்புத்தகம்.

தமிழில், மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா 2006-ல் கொண்டுவந்த ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கேட்காமல் இந்த வழியில் வரக்கூடாது. ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021-ல் வந்தபோது இருந்த வடிவத்தையும், அதே ஆண்டு டிஜே ஸ்நேக் செய்த வடிவத்தையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். எந்தச் சொற்கள் தங்கின, எவை தாளத்துக்கு வழிவிட்டன என்று ஒரு தாளில் குறித்தால் ஒரு மாதப் பாடம் அதிலேயே கிடைக்கும்.

## வேகக் கணக்கு

பாட்டின் வேகத்தைப் பிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது அதன் பொருள். செயலி சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல், 30 விநாடிக்குக் காலால் தட்டி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். செயலிகள் 70-ஐ 140 என்றும் 174-ஐ 87 என்றும் காட்டுவது சாதாரணம்.

பழைய பாணி ஹிப்-ஹாப் 85 முதல் 95 வரை. டிராப் (Trap) என்ற ராப் வகை 140 பக்கம், ஆனால் பேச்சு 70-ல் நடக்கும். எலெக்ட்ரானிக் நடன இசை வகைகளில் ஹவுஸ் 120 முதல் 128, டப்ஸ்டெப் 140, டிரம் அண்ட் பாஸ் 170 முதல் 176. இந்த எண்களைப் பார்த்ததும் ஜோடிகள் கண்ணில் படும்: 70 ராப்புக்கு 140 டப்ஸ்டெப், 87 ராப்புக்கு 174 டிரம் அண்ட் பாஸ். ஒன்று மற்றதன் இரட்டிப்பு.

எவ்வளவு இழுக்கலாம் என்பதற்குச் சூத்திரம் எளிது. புதிய வேகத்தைப் பழைய வேகத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, நூறால் பெருக்குங்கள். 88-ஐ 87-க்குக் கொண்டுவந்தால் 1.1 சதவீதக் குறைவு, யாருக்கும் தெரியாது. 95-ஐ 100 ஆக்கினால் 5.3 சதவீதம், பேச்சு சற்றுச் சுறுசுறுப்பாகும். 90-ஐ 100 ஆக்கினால் 11 சதவீதம், இங்கே குரல் மூச்சிரைக்கத் தொடங்கும். 92-ஐ 124 ஆக்க 35 சதவீதம் வேண்டும். முயற்சி செய்யாதீர்கள். ராப் குரலுக்கு 6 சதவீதம் வரை பாதுகாப்பு, 10 வரை கவனத்தோடு. அதைத் தாண்டினால் வேறு ஜோடி தேடுவதே மேல்.

ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும்போது மென்பொருள் ஒலியைச் சிறு சிறு துண்டாக்கி, இடைவெளியை நிரப்பியோ ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றியோ ஒட்டுகிறது. நீளும் உயிர்ஒலி இதைத் தாங்கும், வல்லின ஒற்று தாங்காது. ‘பட்டம்’ என்று சொல்லும்போது ‘ட்ட’ வெடிப்பதற்கு முன் நாக்கு ஒரு கணம் அடைத்து நிற்கிறது. அந்தக் கண மௌனம்தான் அதைப் ‘படம்’ ஆகாமல் காக்கிறது. மோசமாக இழுத்த குரலில் அந்த மௌனத்துக்குள் முன்பின் ஒலி கசிந்து, வெடிப்பு மழுங்கிவிடும். ‘க்க’, ‘ட்ட’, ‘ப்ப’, ‘ற்ற’ நிறைந்த வரியை எடுத்துச் சோதியுங்கள். அது தப்பினால் மற்றதெல்லாம் தப்பும். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் முழுக் குரலுக்குக் காம்ப்ளெக்ஸ் ப்ரோ முறையைப் போடுங்கள். தாள லூப்புக்கு பீட்ஸ் முறை போதும்.

ஹவுஸ் தாளத்தின் மேல் 90 பக்கத்து ராப் வேண்டும் என்று மனம் கேட்டால் ஒரு வழி உண்டு: மூன்றுக்கு நான்கு. ராப் 93, ஹவுஸ் 124 என்று வைத்தால் ராப்பின் மூன்று அடி நேரத்தில் ஹவுஸின் நான்கு அடி போகும். ராப்பின் மூன்று சுற்று (நான்கு அடி ஒரு சுற்று) முடியும்போது ஹவுஸின் நான்கு சுற்று முடிந்து இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இது அழகு. முழுப் பாட்டுக்கும் வைத்தால் கேட்பவர் கால் எங்கே வைப்பது என்று திணறுவார்.

## நம்மூர்த் தாளம் வந்தால்

மாசிமகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ சாமி கடலுக்கு வரும்போது கேட்கும் மேளத்தைக் காதில் கொண்டுவாருங்கள். பம்பை, உறுமி, பறையில் வரும் துள்ளல் அடிகள் பலவும் திஸ்ர நடை, அதாவது ஓர் அடிக்குள் மூன்று துண்டு. ஹவுஸும் டெக்னோவும் சதுஸ்ரம், ஓர் அடிக்குள் நான்கு. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டால் ஹை-ஹேட்டும் (‘ட்ஸ் ட்ஸ்’ என்று ஒலிக்கும் டிரம் தட்டு) உறுமியும் சண்டை போடும்.

தீர்வு: எலெக்ட்ரானிக் பக்கம் கிக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஹை-ஹேட்டை எடுத்துவிடுங்கள். கிக் அடியின் தலையில் மட்டும் விழுவதால் அதற்கு எந்த நடையோடும் பகை இல்லை. மென்பொருளின் கட்டத்தை மூன்றன் கூறாக, அதாவது டிரிப்ளெட்டாக மாற்றுங்கள். ராப்பிலும் மும்மூன்றாகச் சொல்லும் டிரிப்ளெட் பாணி குரலைத் தேடுங்கள். டிராப் ராப்பில் அது நிறையக் கிடைக்கும். மூன்றும் கூடும்போது நம் குத்தும் அவர்கள் டிராப்பும் பங்காளிகள் என்பது கேட்டவுடன் புரியும். இந்தக் கலவையை நம் பக்கத்து ஆட்கள் இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும். மேளத்தை நேரில் பதிவு செய்வதானால் கலைஞரிடம் கேட்டு, உரிய பணம் கொடுத்துப் பதியுங்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, போனின் மைக்கைக் கடல் காற்றுக்கு முதுகு காட்டி, மேலே ஒரு மடிப்புப் பருத்தித் துணி போட்டால் ‘புஸ் புஸ்’ என்ற காற்றொலி பெரும்பாலும் நின்றுவிடும்.

## சுருதி, சுருக்கமாக

பேச்சாகச் சொல்லும் ராப்புக்குச் சுருதி அவ்வளவு கட்டாயமில்லை, அதுதான் இந்தக் கலையின் பெரிய சலுகை. பாடும் பல்லவி இருந்தாலோ ஆட்டோட்யூன் போட்ட குரலாக இருந்தாலோ கட்டாயம். டிஜே மென்பொருள்கள் காட்டும் கேமலாட் எண்களைப் பயன்படுத்துங்கள்: 1 முதல் 12 வரை எண், மைனருக்கு ஏ, மேஜருக்கு பி. 8ஏ என்பது ஏ மைனர். அது 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி நான்கோடும் சேரும். சேராவிட்டால் இசைப் பக்கத்தை மாற்றுங்கள், குரலை மாற்றாதீர்கள். குரலை இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் ஏற்றினால் பொம்மைக் குரலாகிவிடும். பழைய இசைத்தட்டு போல வேகத்தோடு சுருதியும் மாற விட்டால் 6 சதவீத வேகத்துக்கு ஓர் அரைச்சுரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## குரலைப் பிரிப்பது

கலைஞரே வெளியிட்ட தனிக்குரல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. சிசிமிக்ஸ்டர் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு தனிக்குரல்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு, படித்துவிட்டு எடுங்கள். அதுவும் இல்லாதபோதுதான் மென்பொருள். இலவசமான அல்டிமேட் வோக்கல் ரிமூவரில் டெமுக்ஸ் போன்ற ஏஐ மாடல்களைப் போட்டால் குரல், டிரம், பாஸ், மற்றவை என்று நான்காகப் பிரியும்.

வேவ் அல்லது ஃபிளாக் கோப்பைக் கொடுங்கள். இல்லையென்றால் 320 கேபிபிஎஸ் எம்பி3. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த கோப்பையோ வீடியோவிலிருந்து உருவியதையோ கொடுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் குமிழும். காரணம், அழுத்தும்போது மேல் அலைவரிசை நுணுக்கங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். எது குரல், எது சிம்பல் என்று மாடலுக்கு அடையாளம் கிடைக்காது. பிரிப்பதை முதலிலும் வேகம் மாற்றுவதைப் பிறகும் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் இழுத்ததில் வந்த பிசிறையும் மாடல் குரல் என்று எடுத்துக்கொள்ளும்.

பிரித்த குரலில் முதலில் பார்க்க வேண்டியது ‘ச’, ‘ஸ’, ‘ஷ’. இந்த உரசொலிகள் ஹை-ஹேட்டின் ஒலியோடு ஒத்திருப்பதால் பாதி டிரம் பக்கம் போய்விடும். ‘சத்தம்’ என்பது ‘அத்தம்’ போலக் கேட்டால், டிரம் துண்டிலிருந்து அந்தக் கணத்தை மட்டும் வெட்டி, 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீக்கி, குரலோடு சேர்த்து ஒட்டுங்கள். பாட்டுக்கு ஐந்தாறு இடம் செய்தால் போதும், ஆனால் அந்த ஐந்தாறு இடம்தான் கைவேலை.

## சொல்லை அடியில் உட்கார வைப்பது

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

முதல் சொல் எங்கே தொடங்குகிறது? நம் இசையில் எடுப்பு என்பார்கள். அடியோடு தொடங்கினால் சமம், அடிக்கு முன்பே தொடங்கினால் அதீதம், அடி விழுந்த பிறகு தொடங்கினால் அனாகதம். ராப் வரிகள் பெரும்பாலும் சமத்தில் தொடங்குவதில்லை. ஆனால் புதிதாகச் செய்பவர்கள் குரல் கோப்பின் முதல் ஒலியை முதல் அடியில் ஒட்டிவிடுகிறார்கள். ‘ஏய்’ என்றோ ஒரு மூச்சொலியோ அடிக்கு முன் வந்திருக்கும், அதை அடியில் வைத்ததும் பாட்டு முழுக்க அரை அடி விலகிப் போகும். முதல் ஒலியைப் பார்க்காதீர்கள், முதல் ஊன்றலைப் பாருங்கள். நான்கைந்து வரியில் எந்த எழுத்து அழுத்தமாக விழுகிறதோ அதைப் பிடித்து அடியில் வையுங்கள், முன்னால் இருப்பது தானாக முன்னால் போகும்.

அடுத்து, தமிழுக்கே உரிய ஒரு சங்கதி. ஆங்கில ராப்பில் ஒலி இயைவது பெரும்பாலும் வரியின் கடைசியில். தமிழில் இயைபும் உண்டு, ஆனால் நம் காது எதுகைக்கும் மோனைக்கும் பழகியது, அவை வரியின் தலையில் வருபவை. எடுத்துக்காட்டுக்காக எழுதிய இரண்டு வரியைப் பாருங்கள்:

கடலூரு காத்து வந்து கதவத் தட்டும் நேரம்
உடலோடு தாளம் வந்து ஒட்டிக்கொள்ளும் தூரம்

கடலூரு–உடலோடு எதுகை, நேரம்–தூரம் இயைபு. 87 வேகத்தில் ஒரு வரிக்கு ஒரு சுற்று என்று சொல்லிப் பாருங்கள். ‘கடலூரு’ முதல் அடியில், ‘காத்து வந்து’ இரண்டில், ‘கதவத் தட்டும்’ மூன்றில், ‘நேரம்’ நான்கில் விழும். ஆக, ஒன்றாம் அடியும் நான்காம் அடியும் காப்பாற்ற வேண்டிய இடங்கள். அங்கே தாளம் ஊன்றலாம், மெட்டு வந்து மறைக்கக் கூடாது.

இதை 174 டிரம் அண்ட் பாஸில் வைத்துப் பார்ப்போம். ராப்பின் ஒவ்வோர் அடிக்கும் அங்கே இரண்டு அடி. வழக்கமான ஓட்டத்தில் அந்தத் தாளத்தின் ஸ்நேர் (‘டப்’ என்று வெடிக்கும் டிரம்) 2-லும் 4-லும் அடிக்கும், ராப் கணக்கில் அது அடிகளுக்கு நடுவே. அதனால் ‘நேரம்’ என்பதில் ‘நே’ வெறுமையில் விழுந்து, ‘ரம்’ மேல் ஸ்நேர் வெடிக்கும். ஓட்டமாக இருக்கும், ஆனால் இயைபு தேய்ந்துபோகும். அதே 174-ல் ஸ்நேர் 3-ல் மட்டும் அடிக்கும் ஹாஃப்-டைம் டிராக்கைத் தேடிப் போடுங்கள். ஸ்நேர் ராப்பின் 2-லும் 4-லும் சரியாக வந்து ‘நே’யின் மேல் விழும். வரி ஆணி அடித்தது போல் நிற்கும். 140 டப்ஸ்டெப்பும் ஸ்நேரை 3-ல்தான் வைக்கிறது. 70 ராப் அதில் சிரமமே இல்லாமல் உட்காருவது இதனால்தான். முதல் மேஷ்அப்பை இந்த ஜோடியில் செய்யுங்கள். பல்லவியை ஹாஃப்-டைமிலும் கடைசி எட்டு சுற்றை ஓட்டத்திலும் வைப்பது நல்ல உத்தி.

நல்ல ராப்பர்கள் அடிக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்வார்கள். அந்தச் சோம்பல்தான் அழகு. ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்தில் இழுத்து ஒட்டாதீர்கள். முழு வரியையும் பத்து முதல் இருபது மில்லி விநாடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டு, கழுத்து தானாக ஆடும் இடத்தில் விடுங்கள். நீண்ட பாட்டில் குரல் மெல்ல விலகுவதும் உண்டு. நான்கு சுற்றுக்கு ஒருமுறை வெட்டி மறுபடி பொருத்துங்கள், வெட்டு எப்போதும் மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கட்டும்.

## ஒலிக்கு இடம் பங்கிடுவது

குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை நீக்குங்கள். அங்கே பழைய பாட்டின் பாஸ் எச்சம்தான் இருக்கும். 300 ஹெர்ட்ஸ் பக்கம் குடத்துக்குள் பேசுவது போலிருந்தால் 2–3 டெசிபல் குறையுங்கள். சொல் தெளிவு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. குரலில் அதை ஏற்றுவதைவிட, இசையில் அந்தப் பகுதியை 2–3 டெசிபல் இறக்குங்கள். சத்தமான இடங்களை அடக்கும் கம்ப்ரெஷன் 3:1 போதும், பிரித்த குரலை அதற்கு மேல் நசுக்கினால் பின்னால் ஒளிந்திருக்கும் எச்சமெல்லாம் மேலே வரும்.

கிக்கும் 808 பாஸும் மோதுவது அடுத்த தொல்லை. இரண்டும் 40 முதல் 60 ஹெர்ட்ஸில் வாழ்பவை. ஒன்றுக்குத்தான் அங்கே இடம். ராப் பாட்டின் பாஸை முழுவதும் விட்டுவிட்டு எலெக்ட்ரானிக் பக்கத்தை மட்டும் வைப்பது பெரும்பாலும் சரி. இரண்டும் வேண்டுமென்றால் கிக் அடிக்கும்போது பாஸ் 3 முதல் 6 டெசிபல் பணியும்படி சைட்செயின் போடுங்கள். கிக் அடித்தவுடன் பணிந்து, 100 முதல் 200 மில்லி விநாடிக்குள் நிமிர வேண்டும். நிமிர நேரமானால் பாட்டு மூச்சுத் திணறுவது போல் ஏறி இறங்கும்.

வரி முடியும் சொல்லை எதிரொலியாக வீசுவது எளிய அலங்காரம். ஓர் அடியின் நேரம் 60-ஐ வேகத்தால் வகுத்தால் விநாடிக் கணக்கில் வரும். 128-ல் 469 மில்லி விநாடி, 87-ல் 690. எதிரொலியை அந்த எண்ணில் வைத்தால் அது தாளத்திலேயே கரையும். தாளம் முழு வேகத்தில் வந்து இறங்கும் இடத்துக்கு முந்தைய ஓர் அடியை முழு மௌனமாக விடுங்கள். அந்த ஓர் அடி, எந்தச் சத்தத்தையும்விடக் கூட்டத்தை இழுக்கும்.

கலக்கும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும், கடைசிக் கோப்பில் மைனஸ் 1. இணையத்துக்கு மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்த அளவு) பக்கம் போதும், அதற்கு மேல் சத்தமாக ஏற்றினாலும் யூட்யூப் குறைத்துவிடும்.

## கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

ஹெட்போனில் நன்றாக இருந்து போனில் பாஸே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், போன் ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. பாஸின் மேல் 150–300 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கரகரப்புச் சேர்த்தால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். விழாவுக்கு வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கரில் சிந்தசைசர் மறைந்துபோனால் அது மோனோவின் வேலை. இடம் வலம் அகலமாக்கிய ஒலி ஒன்றாகும்போது ஒன்றையொன்று அழிக்கும். வீட்டிலேயே மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முதல் நிமிடம் சரியாக இருந்து மூன்றாம் நிமிடம் விலகினால் வேகம் பின்னத்தில் தவறியிருக்கிறது. 87 என்று போட்டது உண்மையில் 87.2 ஆக இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் சலிப்பாக இருந்தால் குரலுக்கு ஓய்வே கொடுக்கவில்லை என்று பொருள். பதினாறு சுற்றுக்குப் பிறகு எட்டு சுற்றாவது தாளத்தைத் தனியே பேச விடுங்கள்.

## மாடியிலும் கடற்கரையிலும்

திறந்த வெளியில் பாஸ் மெலியும், அதைத் தாங்கித் திருப்பித் தர சுவர் இல்லை. பாஸ் குமிழைத் திருகினால் ஸ்பீக்கர்தான் வெடிக்கும். மொட்டை மாடியில் சப்-வூஃபரைக் கைப்பிடிச் சுவரின் மூலையில் வையுங்கள், திருகாமலே 3 முதல் 6 டெசிபல் கூடும்.

கடல் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று டிஜே கன்ட்ரோலரின் ஸ்லைடருக்கும் ஜாக்குக்கும் எமன். வாசித்து முடித்ததும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் மூடி வையுங்கள். ஸ்லைடர் நகர்த்தும்போது கரகரத்தால் முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். ஏசி அறையிலிருந்து எடுத்த லேப்டாப்பை வெளியில் கொண்டுவந்தவுடன் இயக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். உள்ளே வியர்த்திருக்கும்.

ஒலி மாசு விதிகள், 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்திலும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. காதுக்கும் வரம்பு உண்டு: உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலை 4 மணி நேரம்தான்.

உரிமை பற்றி ஒரு சொல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 பாட்டின் வரிகளுக்கு ஓர் உரிமையையும் இசைக்கு ஓர் உரிமையையும் அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமையையும் தருகிறது. மேஷ்அப்பில் இரண்டு பாட்டு என்றால் ஆறு உரிமை வரை. பொது இடத்தில் போடுவதற்கான உரிமம் இருந்தாலும் அது மாற்றிச் செய்த வடிவத்தை வெளியிட அனுமதி ஆகாது. இணையத்தில் ஏற்ற வேண்டும், பணம் வர வேண்டும் என்றால், உரிமம் திறந்துவைத்த குரலை எடுங்கள். அல்லது கடலூரிலோ முத்தியால்பேட்டையிலோ ராப் எழுதும் ஒருவரைப் பிடித்து, 87 வேகத்தில் ஒரு கிளிக் தடத்தைக் காதில் கொடுத்து, போர்வை தொங்கவிட்ட அறையில் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வைத்து, இசை எதுவும் கலக்காத தனிக்குரலாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பிரிக்கும் வேலையே மிச்சம், ‘ச’வும் முழுதாக இருக்கும்.